சக்களத்தியை மீட்டெடுத்தல்

பிரேக் அக்காவுக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். ஆள் கிடையாது, வெறும் குரல்தான். ஆனாலும் சக்களத்தி சக்களத்திதானே.

வீட்டுக்காரருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை எல்லாம் அவருக்குப் படித்துக் காட்டுகிற குரல் அது. தமிழ், இங்கிலீஷ் இரண்டையும் ஒரே மூக்கால் பேசும். அதை அவர் ஓட விட்டிருந்த வேகத்தில் கேட்டால், காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டது போல இருக்கும். அந்தப் படபடப்பில் ஒரு எழுத்துக்கூடத் தப்பாமல் அவருக்கு மட்டும் புரியும். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு ரெக்கார்டரில் மென்று விழுங்கிப் பேசுவதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது அவர் தொழில். அடித்ததை இந்தச் சக்களத்தி திருப்பிப் படிப்பாள், அவர் திருத்துவார். "கண்ணு இருக்கிறவன் டாக்டரோட கையெழுத்தையே படிக்க முடியாம முழிக்கிறான். நான் அவரு முணுமுணுப்பையே படிக்கிறேன்" என்று சொல்லிக்கொள்வதில் மனிதருக்கு அப்படி ஒரு கர்வம்.

அக்காவின் மனக்குறையே வேறு. அவள் ஏதாவது வீட்டு விஷயம் பேச வந்தால் போதும், அவர் ஒரு விரலைத் தூக்குவார். "இரு, அவ பேசறா." அதாவது தாலி கட்டியவள் வாசலில் நிற்க வேண்டும், மூக்கால் பேசுகிறவள் முடிக்கும் வரை. அக்கா டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுப்பவள். அந்தக் காரில் சொல்லிக் கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை அவள் மிதிக்கிற மிதியில் படிக்க வந்தவர்களின் மூக்கு காரின் முன்கண்ணாடியைத் தொட்டுவிட்டுத் திரும்பும். பெயர் அப்படி வந்ததுதான். ஊரில் பாதிப் பேரை ஒரு மிதியில் நிறுத்தியவளால் வீட்டில் ஒரு குரலை நிறுத்த முடியவில்லை.

ஒரு நாள் காலையில் அந்தக் குரல் தானாகவே நின்றது.

வீட்டுக்காரர் வழக்கம்போல் உட்கார்ந்து பட்டனைத் தட்டியதும், தொண்டையைச் செருமாத குறையாக ஓர் ஆண் குரல் வந்தது. "வணக்கம். உங்கள் கணினி வெற்றிகரமாகப் புதுப்பிக்கப்பட்டுள்ளது. புதிய அனுபவத்திற்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்."

"யார்ரா அது?" என்று அவர் போட்ட சத்தத்தில், திருடன்தான் வந்துவிட்டான் என்று அக்கா துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

திருடன் இல்லை. கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் தானாகவே புதுப் பதிப்புக்கு மாறியிருந்தது. புதுப் பதிப்பு தன்னோடு ஒரு குரலையும் அழைத்து வந்திருந்தது. பழைய குரலைத் திறக்கப் போனால், "மன்னிக்கவும். இந்த நிரல் இந்தப் பதிப்பில் இயங்காது" என்றது. அதை அது சொன்ன விதம், கடன் கிடையாது என்று பேங்க் மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்வது மாதிரி இருந்தது. அதனால் அவனுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள் அக்கா.

"நல்ல மரியாதையான பையனா இருக்கானே. என்ன குறை இவனுக்கு?"

"குறையா? இவன் ஒரு வரி படிச்சு முடிக்கிறதுக்குள்ள நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிடுவான். வேகத்தைக் கூட்டினா வார்த்தைய முழுங்கறான்."

அக்காவுக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. ஒழிந்தாள் மகராசி. அவர் தடுமாறுவதைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அதையும் மறைப்பானேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் எதுக்கு இருக்கேன்? தள்ளுங்க, நான் படிச்சுச் சொல்றேன்."

அவள் படித்தாள். காலையில் டிரைவிங் வகுப்பு, மதியம் கணவருக்குப் படிப்பு. ஆனால் எழுதியிருப்பதை மட்டும் படித்துவிட்டுப் போக அக்காவால் எப்போதுமே முடியாது. "வயிறு உப்பி இருக்குதுன்னு போட்டிருக்கு. உப்பாம என்ன செய்யும்? தின்னதும் படுத்தா அப்படித்தான். அடுத்த வரில பாருங்க, நடக்கச் சொல்லியிருக்காரு. நடந்திருக்கவே மாட்டான்." வாந்தி என்று வந்தால் சத்தமாகப் படிக்க மாட்டாள், "அது" என்று சொல்லிவிட்டு மேலே போவாள். அறுவை சிகிச்சை வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். பார்வை இல்லாதவருக்குப் படித்துக்காட்ட வந்தவள் கண்ணை மூடினால் வேலை எங்கே நடக்கும்?

முன்பு மதியத்துக்குள் முடிந்த வேலை, பொழுது சாய்ந்தும் முடியவில்லை. அவ்வளவுக்கும் அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதில்தான் அக்காவுக்கு முதல் சந்தேகம் வந்தது.

"ஏம்மா, உனக்கு நேரம் இருந்தா அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவை படிக்க முடியுமா?" என்று ஒரு நாள் கேட்டார். அவள் படித்தாள். அவர், "தேங்க்ஸ்மா" என்றார்.

அக்கா அவரை உற்றுப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் யாருக்கும் தேங்க்ஸ் சொன்னது கிடையாது. கூப்பிடுவது "ஏ இவளே" என்றுதான். காபியில் சர்க்கரை குறைந்தால் தெருமுனை வரை கேட்கும். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஆரம்பித்தால் இரண்டு பேரும் அவரவர் சொந்தக்காரர்களை எல்லாம் இழுத்து ஒரு சுற்று வந்த பிறகுதான் ஓய்வார்கள். அப்படிப்பட்ட மனிதர் இப்போது வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரர் மாதிரி, வீட்டு ஓனரம்மாவிடம் பேசுவது போல அவளிடம் பேசினார். "கொஞ்சம்", "முடிஞ்சா", "சிரமம் இல்லன்னா". நாள் முழுக்க எதற்கெடுத்தாலும் ஒருத்தியைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியவர், அவளிடம் எந்த வாயை வைத்துக்கொண்டு சண்டை போடுவார்?

இது அக்காவுக்கு உடனே புரிந்துவிடவில்லை. உடம்புக்கு ஏதோ என்றுதான் முதலில் நினைத்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இல்லை. சோதித்துப் பார்த்துவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமை அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் ஓட்டுவதில் அவர் கண்டுபிடிக்காத குற்றம் கிடையாது. ஊருக்கே ஓட்டச் சொல்லித் தருபவளிடம், கண் தெரியாத மனுஷன், "கிளட்ச்சுலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டாதே, இன்ஜின் அழுவுது" என்பார். அவள் கொதித்துப் போவாள். கொதிப்பதற்குக் காரணம், அவர் சொல்வது எப்போதும் சரியாக இருப்பதுதான். அன்றைக்கு வேண்டுமென்றே கிளட்ச்சை மிதித்தபடியே ஓட்டினாள். இன்ஜின் அழுதது. கியரைக் கரகரவென்று மாற்றினாள். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். பிரேக்கை ஒரு மிதி மிதித்தாள். அவர் மடியில் இருந்த பை கீழே உருண்டது.

"ஏன் பேசாம வர்றீங்க? கியர் சத்தம் கேட்டுச்சா இல்லையா?"

"பரவாயில்லம்மா. நீ நல்லாத்தான் ஓட்டுறே."

அக்கா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தான் கட்டிக்கொண்ட ஆளைக் காணவில்லை, அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ நல்லவர் ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. சக்களத்தி போய்விட்டாள் என்று குளிர்ந்து போயிருந்தாளே, போகிறபோது அவள் இவளுடைய புருஷனையும் சேர்த்து அல்லவா கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்! அவளைத் திரும்பக் கொண்டுவராமல் ஓய்வதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ரீஸ்டார்ட்டுக்குப் போன் போட்டாள். ரீஸ்டார்ட் என்பது கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர். எந்தக் கோளாறைச் சொன்னாலும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்பதுதான் அவர் முதல் கேள்வி. அவருடைய கல்யாணத்தில் மைக் வேலை செய்யாதபோதுகூட அதைத்தான் கேட்டாராம்.

"பழைய பதிப்ப அது உள்ளயே கொஞ்ச நாள் பத்திரமா வச்சிருக்கும், அக்கா. நான் வர்றதுக்கு நாளைக்கு ஆகும். நீங்களே பண்ணிடலாம். ரீஸ்டார்ட் பண்ணும்போது இந்தப் பட்டனை அமுக்கிப் பிடிங்க. நீலமா ஒரு திரை வரும்."

நீலத் திரை வந்தது. கம்ப்யூட்டர் முழுசாக விழித்துக்கொள்வதற்கு முந்தைய திரை அது. அங்கே மேனேஜருக்கும் வாய் கிடையாது. எழுத்து மட்டும்தான். வீட்டுக்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டார். அக்கா திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"'மீட்'னு ஆரம்பிக்கிற பட்டன் ஒண்ணு இருக்குமாம், இருக்கா?"

"இருக்கு."

"அதை அமுக்கு."

அங்கே அப்படி ஆரம்பிக்கிற பட்டன் ஒன்றில்லை, இரண்டு இருந்தன. மேலே "மீட்டமை", கீழே "மீட்டெடு". அக்கா சாலையில் வளர்ந்தவள். ஓரத்துப் பலகையில் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததும் மீதியைப் புரிந்துகொள்ள வேண்டும், முழுசாகப் படித்துக்கொண்டிருந்தால் வண்டி மரத்தில் ஏறிவிடும் என்பது அவள் எல்லோருக்கும் சொல்லித் தருகிற பாடம். மேலே இருந்ததை அமுக்கினாள்.

"என்னமோ பெருசா எழுதியிருக்கு. கடைசில 'உறுதியா?'ன்னு கேக்குது."

"உறுதிதான்னு சொல்லு."

பெருசாக எழுதியிருந்தது, "இந்தக் கணினியில் நீங்கள் சேர்த்தவை அனைத்தும் அகற்றப்படும்" என்பது. அதை அவள் படித்துச் சொல்லவில்லை. உறுதி என்று சொன்னாள்.

கம்ப்யூட்டர் வெகு நேரம் எதையோ அரைத்தது. பிறகு எழுந்து உட்கார்ந்து, பிறந்த குழந்தைக்கு உரிய உற்சாகத்தோடு, "வணக்கம்! நாம் முதலிலிருந்து தொடங்கலாமா?" என்றது. சாட்சாத் மேனேஜர்.

அக்கா போனை வாங்கிக் காதில் வைத்ததும், ரீஸ்டார்ட் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "அக்கா, மீட்டெடுன்னா பழசை எடுத்துக் கொடுக்கிறது. மீட்டமைன்னா எல்லாத்தையும் துடைச்சுப் போட்டுட்டு முதல்ல இருந்து வர்றது. ரெண்டும் ஒண்ணா?"

"அப்புறம் ஏன்யா ரெண்டுக்கும் ஒரே மூஞ்சிய வச்சான்?"

நியாயமான கேள்விதான். டைப் அடித்த வேலை எல்லாம் உடனுக்குடன் ஆபீசுக்குப் போய்விடுவதால் அதற்குப் பழுது இல்லை. போனது உள்ளே பத்திரமாக இருந்த பழைய பதிப்பு. அதோடு சக்களத்தியும் போய்விட்டாள். பழைய பதிப்பைத் தன்னிடம் இருக்கும் பென் டிரைவிலிருந்து திரும்பப் போட்டுவிடலாம் என்றார் ரீஸ்டார்ட். குரலுக்கு வழியில்லை. அதைச் செய்த கம்பெனி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கடையை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. இப்போது எங்கே போய் எடுப்பது?

செய்த தப்பின் அளவு அக்காவுக்குப் புரிந்தது. அதே சமயம் ஒரு நப்பாசையும் இருந்தது. இதற்காவது மனுஷன் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். 'உனக்குப் படிக்கத் தெரியுமா தெரியாதா?' என்று கேட்பார். கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும். அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

அவர் விசைப்பலகையை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார். "பரவாயில்ல விடும்மா. நீ வேணும்னா செஞ்சே? இவன்கூடவே பழகிக்கிறேன்" என்றார்.

அன்றைக்கு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவள் வகுப்புகளைத் தள்ளி வைத்துவிட்டுத் தேடக் கிளம்பினாள். கம்ப்யூட்டர் கடைகளில் கேட்டாள். "பழைய குரலா? எதுக்குக்கா? புதுசுல இதைவிட அழகா பேசுது" என்றார்கள். "அழகா பேசறதுக்கு நான் இருக்கேன். எனக்கு அசிங்கமா பேசறவதான் வேணும்" என்றாள். அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்வையற்றோர் சங்கத்துக்குப் போன் போட்டபோது, பொது நூலகத்தின் பின்பக்கத்தில் ஒரு கேட்கும் அறை இருக்கிறது, அங்கே கம்ப்யூட்டர்களை மாற்றவே மாட்டார்கள், போய்ப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னார்.

நூலகத்தில் பேசக் கூடாது என்பதால் அக்கா கஷ்டப்பட்டு வாயைக் கட்டிக்கொண்டு நடந்தாள். பழைய பத்திரிகைகளைக் கட்டி வைத்திருந்த அலமாரிகளைத் தாண்டித் திரும்பியதும் அவள் கால் நின்றது. தரையில் இல்லாத பிரேக்கை மிதித்தாள். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, காய்ந்த எண்ணெயில் விழுந்த கடுகாக, அந்த மூக்குக் குரல்.

கதவைத் தள்ளினாள். உள்ளே கறுப்புக் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருத்தர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சக்களத்தி படிக்கப் படிக்கத் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார்.

"அடிப்பாவி! இங்கயும் ஒருத்தரோட குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கியா?"

பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். நூலகர் ஓடி வந்தார். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் விஷயத்தைச் சொல்லி முடிக்க நேரமாயிற்று. எத்தனை வருஷம் காதில் விழாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்ட குரல்! அதைக் கேட்டதும் தொலைந்த பிள்ளையைச் சந்தையில் கண்டுபிடித்த மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. நூலகர் நல்ல மனுஷர். அந்தக் குரலை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். பெரியவர் மட்டும் சந்தேகத்தோடு, "எடுத்துக்கிட்டா எனக்கு இல்லாம போயிடாதே?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

மதியம் ரீஸ்டார்ட் தன் பையோடு வந்தார். பழைய பதிப்பைப் போடும் வேலை ஆரம்பமாயிற்று. வீட்டுக்காரர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஆசைப்பட்டு ஏமாந்துவிடக் கூடாது என்று முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். அக்கா ரீஸ்டார்ட்டின் தோளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"அக்கா, எனக்குப் படிக்கத் தெரியும்" என்றார் ரீஸ்டார்ட்.

"எனக்கும் தெரியும்னுதான் நெனச்சிருந்தேன். பேசாம இருங்க. 'நிறுவுவதற்கு முன்', கமா, 'கீழ்க்கண்ட விதிமுறைகளை', புதுசா ஒரு வரி, 'நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்', முற்றுப்புள்ளி."

"ஏத்துக்கிட்டோம்னு போட்டுடலாம்கா."

"விதிமுறை என்னன்னு படிக்க வேண்டாமா?"

விதிமுறை கோயில் மதில் போல நீளமாக இருந்தது. அக்கா அதைப் பாதி வரை படித்தாள். உலகத்தில் அதைப் பாதி வரை படித்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். ரீஸ்டார்ட் வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் மவுஸை எங்கே நகர்த்தினாலும் அக்காவின் வலது கால் தரையை மிதித்தது.

பிறகு, வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு திரையில் ஓட ஆரம்பித்தது. பாதியில் நின்றது. மறுபடியும் ஓடியது. தொண்ணூற்றொன்பது சதவீதத்துக்கு வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. "ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?" என்று ரீஸ்டார்ட்டே ஈனமான குரலில் கேட்டார். "தொடாதீங்க" என்றாள் அக்கா. கடைசியில் அதுவாகவே மனசு மாறி முடித்தது. பழைய பதிப்பு வந்துவிட்டது. ரீஸ்டார்ட் நூலகத்துப் பென் டிரைவைச் செருகினார். குரலைப் போட்டார். வேகத்தை, வீட்டுக்காரர் சொன்ன அளவுக்கு, அதன் கடைசி எல்லை வரை தள்ளினார்.

அறைக்குள் கடுகு வெடித்தது.

வீட்டுக்காரர் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கோப்பைத் திறந்தார். அவள் படபடவென்று பொரிந்து தள்ளினாள். அவர் இரண்டு இடத்தில் திருத்தினார், அடுத்ததற்குப் போனார், அதிலிருந்து அடுத்ததற்கு. முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது. அந்த முதுகைப் பார்க்கிறவரை, இத்தனை நாளாக அவர் கூனிப்போய் உட்கார்ந்திருந்தார் என்பதே அக்காவுக்கு உறைக்கவில்லை. பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னங்க, சரியா பேசறாளா? முன்ன மாதிரியே இருக்காளா? நடுவுல ஒரு இடத்துல திக்கின மாதிரி இருந்துச்சே. நான் வேணா அந்த வரிய மட்டும்..."

"ஏ இவளே!" வீட்டுக்காரர் கையை உதறிக்கொண்டு திரும்பினார். "கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் போறியா? ஒரு எழுத்து காதுல விழல! நாள் பூரா தொணதொணன்னு... வேலையே ஓடல எனக்கு ஒரு வாரமா. வாந்திய 'அது'ன்னு படிக்கிற நீயெல்லாம் படிக்க வந்துட்டே!"

"ஓஹோ! தொண்டை கட்டுற வரைக்கும் படிச்சேனே, அப்ப இனிச்சுதா? அவ வந்ததும் வராததுமா என்னை வெளிய போன்னு சொல்லியாச்சா? நான் அலையா அலைஞ்சு புடிச்சுட்டு வந்தவ அவ!"

"தொலைச்சவளே தேடுறதுதான் முறை! நீலத் திரைல நாலு எழுத்து படிக்கத் தெரியல, இதுல ஊருக்கெல்லாம் வாத்தியார்!"

"என் வாத்தியார் வேலைய இழுக்காதீங்க, சொல்லிட்டேன்!"

"இழுப்பேன்! உங்கப்பா மட்டும் என்ன, என்னைக்காவது ஒரு போர்டை முழுசா படிச்சிருக்காரா?"

சத்தத்தில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. ரீஸ்டார்ட் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக ஒடுங்கினார். நல்லபடியாக இருந்த குடும்பத்தை இப்படி ஆக்கிவிட்டோமே என்று அவர் முகம் வெளிறிவிட்டது. அக்கா கையை வீசிக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பியதும் பின்னாலேயே ஓடி வந்து, மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, மனசுல வச்சுக்காதீங்க. சார் அமைதியா இருந்தாரு, பாவம். வேணும்னா ஒரு அரை மணி நேரத்துல மறுபடியும் புதுசையே போட்டுக் கொடுத்துடறேன்."

அக்கா நின்று திரும்பினாள். கண் இரண்டிலும் தண்ணீர் கோர்த்திருந்தது. முகமெல்லாம் ஒரே பூரிப்பு.

"அதுல கை வச்சீங்க, கையை ஒடிச்சு அடுப்புல வச்சிடுவேன்" என்றாள். "இருங்க, போயிடாதீங்க, காபி போடறேன்." சொல்லிவிட்டுத் தலையைக் கதவுக்கு வெளியே நீட்டி, இன்னும் பேசி முடிக்காத புருஷனுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தாள்.